உஷார்! தானாக நின்ற பல்வலி

"வலி போயிருச்சு மாப்ள. மூணு வாரமா உயிர எடுத்துச்சு. முந்தாநாள் ராத்திரி தானா நின்னுருச்சு. இனி எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சுகிட்டு?"

திருப்புல்லாணியில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு என் மச்சான் இப்படிச் சொன்னார். மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். கீழ்வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தைய கடைவாய்ப்பல். சொத்தை விழுந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். வலித்த மூன்று வாரமும் மருந்துக்கடையில் 'செட்' வாங்கிப் போட்டுக்கொண்டே கடலுக்குப் போய்வந்தார். வலி நின்றதும், "ஏப்ரல் பதினஞ்சுல தடைக்காலம் வந்துரும், ரெண்டு மாசம் சும்மாதானே இருப்பேன், அப்பப் பாத்துக்கலாம்" என்றார். நானும் சரி என்றேன். அந்தச் 'சரி'யை நான் சொல்லியிருக்கவே கூடாது.

மீன்பிடித் தடைக்காலம் வரவில்லை, அதற்கு முன்பே தாடை வீங்கிவிட்டது. காலையில் பாக்கு அளவு. மத்தியானம் கன்னம் முழுக்க. சாயங்காலம் வாயைத் திறந்தால் ஒரு விரல்கூட உள்ளே போகவில்லை. இரவு எட்டு மணிக்கு எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வழியவிட்டுக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். காரில் ஏற்றினோம். ராமநாதபுரம் என்ன தூரம், பத்து கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரம் முழுக்க அவரைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டே போனேன். சாய்ந்தால் மூச்சு அடைத்தது.

தாடைக்குக் கீழே கீறிச் சீழை வடித்தார்கள். பல்லை எடுத்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை 380. தனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். பிழைத்துக்கொண்டார். "விடியட்டும்னு வீட்டுல வச்சிருந்தீங்கன்னா மூச்சுக்குழல் அடைச்சிருக்கும்" என்று டாக்டர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

அதனால்தான் சத்தம் போட்டுச் சொல்கிறேன். உஷார்! வலித்துக்கொண்டிருந்த சொத்தைப் பல், எந்த வைத்தியமும் செய்யாமல் தானாக அடங்கினால் அது குணமாகவில்லை. பெரும்பாலும் பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போயிருக்கிறது. வலியைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். சண்டை பல்லுக்குள்ளிருந்து தாடை எலும்புக்கு நகர்ந்துவிட்டது.

வலி தானாக நின்ற அந்த இரவு பல்லுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் இதன் பயங்கரம் புரியும். உடம்பில் வேறெங்கு கிருமி புகுந்தாலும் அந்த இடம் வீங்கும், சிவக்கும், சுடும், வலிக்கும். இதற்கு அழற்சி என்று பெயர். இது நோய் அல்ல, உடம்பின் காவல். ரத்தக்குழாய்கள் விரிந்து வெள்ளை அணுக்களை அங்கே கொண்டுவந்து இறக்குகின்றன. காலில் முள் குத்தினால் சதை வீங்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் அந்த இடம் இல்லை. பல்லின் நடுவில் இருக்கும் பற்கூழ், நாம் நரம்பு என்று சொல்கிறோமே அது, நாலு பக்கமும் கல் போன்ற சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. அதற்கு ரத்தம் வருவது வேர் நுனியில் உள்ள ஊசிமுனைத் துளை வழியாக. உள்ளே வீக்கம் வந்தால் அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் இன்னும் கூடுவதால் விண்விண்ணென்று தெறிக்கிறது, எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிகிறது. பல்வலிக்காரர்கள் இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். கடைசியில் அந்த அழுத்தமே சின்னஞ்சிறு ரத்தக்குழாய்களை நெரிக்கிறது. ரத்தம் நிற்கிறது. பற்கூழ் சாகிறது. காக்க வந்த வீக்கமே தான் காக்க வந்ததைக் கொன்றுவிடுகிறது.

செத்த பற்கூழ் கிருமிகளுக்கு விருந்து. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் அந்த இருட்டுக் குழாயில் குடியேறிப் பெருகுகின்றன. இனி அவற்றை யாரும் தொட முடியாது. ரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு வெள்ளை அணுவும் போகாது, நீங்கள் விழுங்கும் ஆன்டிபயாடிக்கும் போகாது. அவற்றின் நஞ்சு மட்டும் வேர் நுனித் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தாடை எலும்புக்குள் கசிந்துகொண்டிருக்கும்.

இங்கேதான் உடம்பு ஒரு மகா வேலை செய்கிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதைக் கண்மாயை வைத்துச் சொல்லிவிடலாம். கரையில் ஓரிடத்தில் நீர் கசிகிறது, அடைக்க முடியவில்லை. ஊர் என்ன செய்யும்? கசிவுக்குச் சற்றுத் தள்ளி, வயலில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, சுற்றி வளைத்து இன்னொரு கரை போடும். வேர் நுனியில் உடம்பு செய்வது அதேதான். விட்டுக்கொடுப்பது வயலை அல்ல, தாடை எலும்பை.

எலும்புக்குள் கிருமி புகுந்து பரவிவிட்டால் அதை வெளியேற்றுவது கடினம். அதனால் கிருமி வந்து சேரும் முன்பே உடம்பு எலும்பைப் பின்வாங்கச் செய்கிறது. கசிவு தெரிந்ததும் முதலில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் ஓடிவருகின்றன. அவை சண்டையிட்டுச் செத்துக் குவிவதுதான் சீழ். பின்னால் மேக்ரோஃபேஜ், டி அணு, பி அணு என்று அடுத்த படை. இவை இன்டர்லூக்கின்-1, டிஎன்எஃப் போன்ற ரசாயனச் செய்திகளை விடுகின்றன. அந்தச் செய்தி கேட்டு, எலும்பு கட்டும் அணுக்களும் டி அணுக்களும் ராங்க்-லிகண்ட் என்ற புரதத்தை வெளியே காட்டுகின்றன. அது ஒரு சாவி. அந்தச் சாவி பட்டால் எலும்பைத் தின்னும் அணுக்கள் பிறந்து, அமிலத்தைச் சுரந்து எலும்பைக் கரைக்கின்றன. இதற்குத் தடையும் உடம்பிடமே இருக்கிறது. ஆஸ்டியோபுரோடெஜரின் என்ற இன்னொரு புரதம் வழியிலேயே அந்தச் சாவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாவி அதிகமானால் எலும்பு கரையும். பிடிக்கிற கை அதிகமானால் கரைவது நிற்கும். உங்கள் தாடையில் எவ்வளவு எலும்பு மிஞ்சும் என்பதை இந்த இழுபறி முடிவு செய்கிறது.

எலும்பு விலகிய இடத்தில் மென்மையான, ரத்தக்குழாய் நிறைந்த திசு வளர்கிறது. படைவீரர்கள் நடமாட அதில் இடம் உண்டு. அதைச் சுற்றி நார்த்திசு வேலி போடுகிறது. இதுதான் அந்த வளைகரை. வேர் நுனிக் கழலை என்று சொல்லலாம். சிலருக்கு இதற்குள் நீர்க்கட்டியும் உருவாகும். சண்டை எல்லை மீறினால் நம் சதையையும் சேர்த்து அழிக்கும் என்பதால் பிரேக் போடவும் ஆட்கள் இருக்கிறார்கள். அடக்கும் டி அணுக்கள், இன்டர்லூக்கின்-10, டிஜிஎஃப்-பீட்டா. அழற்சியை முடித்துவைத்துக் குப்பையை அள்ளச் சொல்லும் ரிசால்வின் என்ற பொருள்களும் உண்டு. சார்லஸ் செர்ஹான் குழுவினர் இருபது வருடத்துக்கு முன்பே இவற்றைக் கண்டுபிடித்தார்கள். மீன் கொழுப்பில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பமிலத்திலிருந்துதான் உடம்பு இவற்றைச் செய்துகொள்கிறது. இதைப் படித்துவிட்டு "நாமதான் தினம் மத்தி மீன் திங்கிறோமே, நமக்கு ஒண்ணும் ஆகாது" என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். மத்தி மீன் நல்ல சாப்பாடு. வேருக்குள் உட்கார்ந்திருக்கும் கிருமியை அது எழுப்பி அனுப்பாது. கசிவு நிற்காதவரை எந்தப் பிரேக்கும் நிரந்தரமாகப் பிடிக்காது.

கிருமிதான் காரணம், வெறும் ஓட்டை அல்ல என்பதை 1965-ல் அமெரிக்காவில் காக்கேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூவர் எலிகளை வைத்து நிரூபித்தார்கள். எலிகளின் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. பிறந்ததிலிருந்து கிருமியே படாமல் வளர்த்த எலிகளுக்கோ, அந்த ஓட்டைக்குள் தீனி போய் அடைத்தும்கூடப் பற்கூழ் சாகவில்லை. தானே பல் பொருளைச் சுரந்து ஓட்டைக்குப் பாலம் போட்டுக்கொண்டது. பதினோரு வருடம் கழித்து, 1976-ல், ஸ்வீடனில் சண்ட்க்விஸ்ட் என்பவர், அடிபட்டுப் பற்கூழ் செத்துப்போன, ஆனால் வெளியே சொத்தையில்லாத பற்களைத் திறந்து பார்த்தார். உள்ளே கிருமி இருந்த பற்களைச் சுற்றி மட்டும்தான் எலும்பு கரைந்திருந்தது. ஆக, உடம்பு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. எதிரி மட்டும் அதன் கை எட்டாத அறையில் இருக்கிறான். உடம்பு இந்தச் சண்டையில் ஜெயிக்க முடியாது, தாக்குப்பிடிக்கத்தான் முடியும்.

இப்படித் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும் பல் எத்தனை பேர் வாயில் இருக்கிறது தெரியுமா? உலகின் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் வெளிவந்த கணக்குப்படி, வளர்ந்தவர்களில் 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு பல்லின் வேர் நுனியிலாவது இந்த அழற்சி இருக்கிறது. பாதிப் பேர்! பெரும்பாலானவர்களுக்கு வலியே இல்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டம் எலும்பு இல்லாத இடம். அதுவும் தொடக்கத்தில் தெரியாது. கணிசமான எலும்பு கரைந்து, வெளிச்சுவர் வரை எட்டிய பிறகுதான் சாதாரணப் படத்தில் கண்ணுக்குப் படும்.

அடுத்த ஏமாற்று ஒன்று இருக்கிறது. இதில்தான் நம் ஊரில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஈறில், வேர் இருக்கும் உயரத்தில், சின்னக் கொப்புளம் போல ஒன்று வரும். அழுத்தினால் உப்புக் கரிக்கிற மாதிரி ஏதோ வரும், நாற்றம் அடிக்கும், பிறகு அமுங்கிவிடும். பத்து நாளில் திரும்ப வரும். "ஈறுல சூட்டுக் கொப்புளம்" என்று நல்லெண்ணெய் கொப்பளித்துவிட்டு விட்டுவிடுவோம். அது சூடு இல்லை. அது கண்மாயின் கலுங்கு. உள்ளே நிறைந்த சீழ் கரையை உடைக்காமல் வழிய உடம்பு திறந்துகொண்ட வடிகால். கலுங்கு ஓடும்வரை வலி இருக்காது, வீக்கம் இருக்காது. கண்மாய் நிறைந்திருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. அந்தக் கொப்புளம் உங்கள் வாயில் இருந்தால், வலி இருக்கிறதோ இல்லையோ, இந்த வாரமே பல் டாக்டரிடம் போங்கள்.

கலுங்கு அடைத்துக்கொண்டாலோ, கரை பலமிழந்தாலோ என்ன ஆகும்? கரையைப் பலமிழக்கச் செய்வதில் முதலாவது சர்க்கரை. 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வெளியிட்ட ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. சர்க்கரை ஏறிய ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. வருகிற வேகம் குறைகிறது, கிருமியைக் கொல்லும் திறன் குறைகிறது. அதே நேரம் அழற்சி தணியாமல் இழுத்துக்கொண்டே போகிறது. எலும்பு அதிகம் கரைகிறது, வைத்தியம் செய்தாலும் மெதுவாக ஆறுகிறது. இது எதிர்த்திசையிலும் வேலை செய்யும். வாயில் சீழ் இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை இறங்க மறுக்கும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை அடங்காதவர்கள் ஒரு தடவை வாயைத் திறந்து காட்டுங்கள்.

இரண்டாவது, அந்தச் 'செட்'. பல்வலி என்று சொன்னதும் மருந்துக்கடையில் கத்தரித்துக் கையில் கொடுக்கிறார்களே, நாலு கலரில். வலி மாத்திரை ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, அரைகுறை ஆன்டிபயாடிக் ஒன்று, கூடவே பல நேரம் கடுகளவு வெள்ளை மாத்திரை ஒன்று. அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை டெக்ஸாமெத்தசோனோ பெட்டாமெத்தசோனோவாக இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாதது. போட்ட சில மணி நேரத்தில் வீக்கம் வடிந்து சொர்க்கம் போல இருக்கும். ஏன் தெரியுமா? கிருமி சாகவில்லை, காவல்காரர்களைத் தூங்கப் போட்டுவிட்டீர்கள். இத்தனை நேரம் நான் சொன்ன வளைகரை, படை, செய்தி எல்லாவற்றுக்கும் வாய்ப்பூட்டு. சர்க்கரையையும் அது ஏற்றிவிடும். என் மச்சான் மூன்று வாரம் விழுங்கியதில் அது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. உறைகளை எல்லாம் கடலில் போட்டுவிட்டார். ஆனால் சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் முகத்துக்குள் என்ன நடக்கும் என்பதை 2021-ல் இந்த நாடே பார்த்தது. கொரோனா இரண்டாம் அலைக்குப் பின் கறுப்புப் பூஞ்சை. அந்த ஜூன் மாத முடிவுக்குள் நாடு முழுவதும் நாற்பதாயிரம் பேருக்கு மேல். சிலருக்கு முதல் அறிகுறியே மேல்வரிசைப் பல் வலியும், பல் ஆடுவதும்தான். அது வேறு கிருமி, வேறு வழி. ஆனால் காவலை அடித்துப் படுக்கவைத்தது இதே கூட்டணி.

ஆன்டிபயாடிக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செத்த பல்லுக்குள் அது போகாது என்று முன்பே சொன்னேன். வெளியே பரவிய கிருமியைக் கொஞ்சம் அடக்கும், ஊற்று அப்படியே இருக்கும். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத சாதாரணப் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, பல்லுக்கு வைத்தியம் செய்வதே வழி என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. நாமாக வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்துவதும் சரியல்ல. கடலில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வியர்த்துக்கொண்டே டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையை நாள் கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் அடிவாங்கும்.

வீட்டு வைத்தியத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆலும் வேலும் பல்லுக்கு நல்லது என்று கண்டு சொன்னவர்கள் நம் ஆட்கள். கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜினால் உண்மையாகவே மரக்கச் செய்யும், பல் டாக்டர்களும் பயன்படுத்துவதுதான். ஆனால் மரக்கச் செய்வது வேறு, ஆற்றுவது வேறு. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்லுப் பூச்சி விழும் என்ற நம்பிக்கை நம் பக்கம் இன்றும் இருக்கிறது. பல்லில் புழுவே கிடையாது. 1728-ல் பிரான்சில் பியர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கென்று எழுதிய பெரும் நூலிலேயே, நுண்ணோக்கி வைத்துத் தேடியும் புழு இல்லை என்று எழுதிவிட்டார். சொத்தைக்குள் புகையிலை வைப்பது, ஆஸ்பிரினை ஈறில் அழுத்தி வைப்பது இரண்டும் ஈறைப் பொசுக்கும். மிக முக்கியமாக, வீங்கிய கன்னத்துக்கு வெளியே சூடான ஒத்தடம், சுண்ணாம்புப் பற்று வேண்டவே வேண்டாம். சீழ் வெளித்தோல் பக்கம் வந்து உடையலாம், முகத்தில் ஆயுளுக்கும் குழி விழலாம். வெதுவெதுப்பான உப்பு நீரை வாய்க்குள் கொப்பளிப்பது மட்டும் செய்யலாம், அதுவும் டாக்டரைப் பார்க்கும்வரைதான்.

இப்போது உயிர் போகும் இடம். நிதானமாகப் படியுங்கள், வீட்டில் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

கீழ்வரிசையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்கள் தாடையின் உள்பக்கத் தசைக்குக் கீழே இறங்கியிருக்கும். அங்கே கரை உடைந்தால் சீழ் வாய்க்குள் வராது, நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கும். இரண்டு பக்கமும் பரவி நாக்கை மேலே தூக்கிப் பின்னால் தள்ளி மூச்சுக்குழலை அடைக்கும். 1836-ல் ஜெர்மனியில் லுட்விக் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் லுட்விக் ஆஞ்சைனா என்கிறார்கள். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் செத்தார்கள். மேல்வரிசைக் கோரைப்பல்லில் உடைந்தால் மூக்கோரமாகக் கண்ணுக்கு ஏறும். முகத்தின் அந்தப் பகுதி ரத்தக்குழாய்களில் ரத்தம் பின்னோக்கி ஓடுவதைத் தடுக்கும் அடைப்பு சரியாக இல்லாததால், தொற்று மூளைக்கு அடியில் உள்ள ரத்தத் தேக்கம்வரை போய்விட முடியும். மேல் கடைவாய்ப்பல் என்றால் கன்னத்து சைனஸுக்குள். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமான சளி மாதக்கணக்கில் வந்தால் சளி மருந்தை நிறுத்திவிட்டுப் பல்லைப் பாருங்கள்.

வாயைத் திறக்க முடியவில்லை. எச்சிலை விழுங்க முடியவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறிவிட்டது. தாடைக்குக் கீழே தொட்டால் பலகை போலக் கெட்டியாக இருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. குளிர்காய்ச்சல். கண் இமை வீங்கி மூடிவிட்டது. இதில் ஒன்று தெரிந்தாலும் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரி. 108-ஐக் கூப்பிடுங்கள். வரும்வரை ஆளைப் படுக்க வைக்காதீர்கள், முன்னால் சாய்ந்து உட்காரட்டும். ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி வந்ததிலிருந்து அரசு மருத்துவமனைதான் நமக்கு அருகில் உள்ள பெரிய இடம். நள்ளிரவானாலும் சரி, விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

அந்த அளவுக்குப் போகவிடாமல் பிடிக்க, பல்லே முன்கூட்டிச் சொல்லும் அறிகுறிகள் உண்டு. குளிர்ந்த தண்ணீர் பட்டுக் கூசி, உடனே போய்விட்டால் பற்கூழ் உயிரோடு இருக்கிறது, சொத்தையை அடைத்தாலே போதும். செலவும் குறைவு. சூடான டீ பட்டு வலி பிடித்து, நிமிடக்கணக்கில் நின்றால் பற்கூழ் சாகத் தொடங்கிவிட்டது. முன்பு கூசிய பல்லில் இப்போது குளிரும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை என்றால் செத்துவிட்டது. கடித்தால் அந்தப் பல் மட்டும் உயர்ந்து நிற்பது போலத் தோன்றினால் வேர் நுனியில் வீக்கம் சேர்ந்து பல்லைக் குழியிலிருந்து மேலே தள்ளுகிறது. தர்ப்பைப் புல்லில் படுத்துக் கடலரசனுக்காகக் காத்திருந்த ராமனே மூன்று நாள்தான் பொறுத்தான் என்பது நம் ஊர்க் கதை. உங்கள் பல்லுக்கு அதற்கு மேல் தவணை கொடுக்காதீர்கள்.

சிலர் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. செயற்கை இதய வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உட்சவ்வுத் தொற்று வந்தவர்கள்: வாய்க் கிருமி ரத்தத்தில் போய் வால்வில் உட்காரும். பல் வைத்தியத்துக்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், முன்கூட்டியே மருந்து தருவார்கள். எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ ஜோலெட்ரானிக் அமில ஊசி போடப்போகிறவர்கள், முகத்தில் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போகிறவர்கள்: அதற்கு முன்பே எல்லாச் சொத்தையையும் முடித்துவிடுங்கள். பிறகு பல் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகள் பயந்து ஒதுங்க வேண்டாம், டாக்டரிடம் எத்தனையாவது மாதம் என்று சொல்லிவிட்டுச் செய்துகொள்ளலாம்.

பற்கூழ் செத்த பல்லுக்கு வைத்தியம் என்பது இரண்டே வழிதான். உடம்பால் போக முடியாத அந்த அறைக்குள் மனிதக் கை போய்ச் சுத்தம் செய்து அடைப்பது வேர் சிகிச்சை, அதாவது ரூட் கெனால். காப்பாற்ற முடியாத பல் என்றால் பிடுங்குவது. ரூட் கெனால் செய்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். வேர்த் தொற்றால்தான் உடம்பின் எல்லா நோயும் வருகிறது என்று நூறு வருடத்துக்கு முன் மேல்நாட்டில் ஒரு கருத்து பரவி, ஆயிரக்கணக்கான நல்ல பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். சான்று நிற்காமல் அது கைவிடப்பட்டது. ஆனால் வேர்ச் சண்டையின் தாக்கம் வாயோடு நிற்பதில்லை என்பது உண்மை. சென்னைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வேறு நோயில்லாத ஆட்களுக்கு ரூட் கெனால் செய்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, உடம்பில் அழற்சியின் அளவுகோலான சி-ரியாக்டிவ் புரதம் ரத்தத்தில் குறைந்திருந்தது.

செய்யும் இடத்தையும் பார்த்துச் செய்யுங்கள். இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது, மறைக்கவும் முடியாது. 2023-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்களில் பத்துப் பேருக்கு மூளை மெலியாய்டோசிஸ் என்னும் மண் கிருமித் தொற்று வந்து எட்டுப் பேர் இறந்தார்கள். வேலூர் சிஎம்சியும் ஐசிஎம்ஆர் தொற்றுநோயியல் நிறுவனமும் அரசும் சேர்ந்து ஆராய்ந்து 2025-ல் வெளியிட்ட கட்டுரை, வாயைக் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டிலைச் சந்தேகிக்கிறது. ஒருமுறை திறந்த பாட்டிலை அரைகுறையாக மூடி வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு பல் டாக்டரிடமே போகாமல் இருந்துவிடாதீர்கள். போய், நாற்காலியில் உட்காரும் முன் கேளுங்கள்: சலைன் பாட்டிலை என் கண் முன் புதிதாகத் திறப்பீர்களா? கருவிகள் ஆட்டோகிளேவில் வைத்து உறையிலிருந்து எடுப்பதா? ஊசி புதியதா? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மச்சானுக்கு அந்த வீக்கம் வடிந்த பிறகு தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கம், கீழே, இன்னொரு பல்லின் வேர் நுனியில் பட்டாணி அளவுக்குக் கறுப்பு வட்டம். அந்தப் பல் ஒருநாளும் வலித்ததாக அவருக்கு நினைவே இல்லை. அதற்கு ரூட் கெனால் செய்தார்கள், சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கினார்கள். ஒரு வருடம் கழித்துப் போன வாரம் திரும்பப் படம் எடுத்தபோது நானும் கூடப் போனேன். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழைய படத்தில் வட்டம் கன்னங்கரேலென்று இருந்தது. புதியதில் ஓரங்களிலிருந்து வெள்ளை உள்ளே வந்துகொண்டிருந்தது. கசிவு நின்றதும் எலும்பு தன் இடத்தைத் திரும்பப் பிடிக்கிறது, முழுக்க மூட இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆகலாம் என்றார். மச்சான் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் படகில் கூடப் போகிற பையனுக்கு போன் போட்டார்.

"டேய், அன்னைக்கு ஈறுல கொப்புளம்னு சொன்னியே, அது இன்னும் இருக்கா? ... வலியெல்லாம் நான் கேக்கல. இருக்கா இல்லையா, அதச் சொல்லு. ... நாளைக்கு தொழிலுக்கு வர வேணாம். காலைல ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு, நான் கூட்டிட்டுப் போறேன்."